ஆண்கள் மனம்விட்டுப் பேச ஒரு வட்டம்: எல்லையோர ஊர்களில் தொடங்குபவர்களுக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஊர்களில் பெண்கள் ஒரு திண்ணையில் கூடி உட்கார்ந்து பேசுவதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். கேரளத்தில் 1998ல் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் அயல்கூட்டம் ஊருக்கு ஊர் பரவிவிட்டது. எல்லைக்குக் கிழக்கே, கோபாலபுரம், ஆனைமலை வட்டாரத்தில் மகளிர் குழுக்கள். தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு 1989ல் தர்மபுரியில் தொடங்கியது. சேமிப்புக்கும் கடனுக்கும்தான் கூடுகிறார்கள். ஆனால் தவணைப் பணத்தை எண்ணி முடித்தபிறகும் யாரும் எழுந்து போவதில்லை. மாமியார், மகனின் படிப்பு, தூக்கம் வராத இரவு, எல்லாம் அங்கே பேச்சில் வந்து விழும்.

ஆண்களுக்கு என்ன இருக்கிறது? டீக்கடை, கள்ளு ஷாப்பு, தேங்காய்க் களம். அங்கேயும் பேச்சுக்குக் குறைவில்லை. தேங்காய் விலை, ஆளியாறு தண்ணீர் மூலத்தறைக்கு வந்து சேர்ந்ததா, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று மணிக்கணக்கில் ஓடும். "எனக்குப் பயமா இருக்குங்க" என்ற ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி வேலை செய்தவர். எந்தச் சாவுக்கும் ஒரே காரணம் என்று இருக்காது. ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் வாழ்வது மனிதனை எந்த அளவுக்குத் தனியாக்கும் என்பதை நம் ஊர்களில் நிறையவே பார்த்துவிட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லையோரத்தில் ஆண்கள் வட்டம் ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு, எங்கள் வட்டத்தை நடத்திக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

வட்டம் என்றால் என்ன

ஆறு முதல் எட்டு ஆண்கள், மாதம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்காருவது. ஒவ்வொருவரும் முறை வைத்துத் தன் மனநிலையைப் பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள். அவ்வளவுதான். இது மருத்துவம் அல்ல, பஞ்சாயத்தும் அல்ல, சீட்டுக் குழுவும் அல்ல. கட்டணம் கிடையாது, தலைவர் கிடையாது; நடத்துபவர் முறை வைத்து மாறுவார்.

இது புதிதும் இல்லை. குடியை விட நினைக்கிறவர்களுக்காக 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசாத பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரில், வயதான ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி மரவேலை செய்துகொண்டே பேச ஆரம்பித்தார்கள். முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிற ஆணுக்கு, பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேச்சு வருகிறது என்பது அவர்கள் அனுபவம். நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஆகவே முதல் தடவை நேராக உட்காரவே வேண்டாம். ஒரு வாய்க்காலைத் தூர்வாருவது, வாசகசாலைக்கு வெள்ளை அடிப்பது என்று அரை நாள் வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, "மாசம் ரெண்டு தடவை இப்படி உக்காரலாமா?" என்று கேளுங்கள். நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டால் வராதவர்கள் இதற்கு வருவார்கள்.

யாரைச் சேர்ப்பது

முதலில் உங்களோடு சேர்த்து மூன்று பேர் போதும். அந்த மூவரும் ஆளுக்கு ஒருவரையோ இருவரையோ கூட்டிவரட்டும். மேடையில் பேசத் தெரிந்தவரைத் தேட வேண்டாம். டீக்கடையில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவரைக் கூப்பிடுங்கள்.

யாரை ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் நம் பக்கத்தில் பெரிய விஷயம். சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் மாமன், மச்சான், பங்காளி. மாமனார் இருக்கும் இடத்தில் மருமகன் வாய் திறக்க மாட்டார், திறக்கச் சொல்வதும் நியாயமில்லை. சம்பந்திகள், அண்ணன் தம்பிகள், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், தோப்புக்காரரும் அவர் தோப்பில் மரம் ஏறுகிறவரும், வரப்புத் தகராறு உள்ளவர்கள், இவர்களை ஒரே வட்டத்தில் வைக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோபாலபுரத்து வட்டத்துக்கும், அந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கத்துக்கும் போவது நல்ல வழி. எல்லை இதற்கு உதவுகிறது. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்த ஊர்க் கல்யாணத்தில் உங்கள் கதை பேசப்படாது.

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 2017ல் முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள் தங்களுக்கு எதிராகச் சாதிப் பாகுபாடு நடப்பதாகச் சொன்னது செய்தியாக வந்தது. அது நம் வட்டாரம்தான். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் கூடும் வட்டம் கொஞ்ச நாளில் சாதிச் சங்கமாகிவிடும். கலந்து உட்காரும் வட்டத்தில் ஒரே மாதிரி டம்ளர், ஒரே மாதிரி இருக்கை, எல்லோருக்கும் 'ங்க'. வயதில் இளையவர் என்பதற்காகவோ வேறு எதற்காகவோ ஒருவரை மட்டும் ஒருமையில் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அண்ணா, தம்பி, மாமா என்று வழக்கமாகக் கூப்பிடுவதை மாற்ற வேண்டாம். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், வயதானவர்கள் இரண்டாம் தடவை வர மாட்டார்கள்.

இடமும் நேரமும்

யாருடைய வீடும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும். கோயில், பள்ளிவாசல், சர்ச் மண்டபங்களில் சிலர் வெளியாளாக உணர்வார்கள். கட்சி ஆபீஸ் கூடவே கூடாது. கேரளப் பக்கத்தில் வாசகசாலையின் பின்னறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தோப்பு மோட்டார் ரூம் முன்னால் நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு கயிற்றுக் கட்டில் போதும். எங்களுக்கு அதுதான் வசதியாக இருக்கிறது. மோட்டாரை மட்டும் நிறுத்திவிடுங்கள்; அந்தச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

கள் இறக்குகிறவர்கள் சாயங்காலமும் மரம் ஏறியாக வேண்டும். ஆகவே ஏழு மணிக்கு முன் வைக்காதீர்கள். குடித்துவிட்டு வருபவரைத் திட்டாமல், "இன்னிக்கு வேண்டாங்க, அடுத்த தடவை வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். போதையில் வரும் பேச்சு மறுநாள் அவருக்கே வெட்கமாகிவிடும். அதன்பிறகு வரவே மாட்டார். குடியே பிரச்சினை என்றால் கேரளத்தில் அரசின் விமுக்தி போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன. அது தனி வேலை, வட்டத்தின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

விதிகள்

ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் ஒருவர் இவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழையவர்கள் மட்டும் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இங்கே கேட்டதை வெளியே பேச மாட்டோம், மனைவியிடமும் பேச மாட்டோம். வட்டத்தில் ஒருவர் சொன்னதை, வெளியில் அவரைப் பார்க்கும்போது நாமாக எடுக்க மாட்டோம். 'நான்' என்று பேசுவோம். 'நம்ம ஆளுங்க எல்லாமே இப்படித்தான்' என்று பொதுவாகப் பேச மாட்டோம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டோம். அறிவுரை சொல்ல மாட்டோம். பேச விருப்பமில்லை என்றால் 'இன்னிக்கு நான் கேக்கறேன்' என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். போன் அணைந்திருக்கும்.

ரகசியத்துக்கு விலக்கு உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் உயிருக்கோ, அவரால் மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் வெளியே சொல்வோம். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடப்பது தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமே சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொருவரும் உட்கார வேண்டும்.

முதல் நாள்

முதல் பத்து நிமிடம் டீ. அப்புறம் விதிகள். அப்புறம் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். சிலருக்குச் சிரிப்பு வரும், வரட்டும். அதற்குப் பிறகு ஒரு சுற்று, ஆளுக்கு ஒரு நிமிடம்: "இன்னிக்கு எப்படி வந்திருக்கேன்." இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் "நல்லாருக்கேனுங்க, ஒண்ணுமில்லீங்க" என்பதுதான். அதைத் தள்ளிவிடாதீர்கள். உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வயிறு கலங்குது, மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது என்று உடம்பைப் பற்றிச் சொல்ல நம் ஆண்களுக்குத் தடையில்லை. மனதைப் பற்றிய பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும்.

அதன்பிறகு பெரிய சுற்று. ஆளுக்கு எட்டு நிமிடம், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். முதலில் நடத்துபவரே பேச வேண்டும், அதுவும் உண்மையாக ஏதாவது ஒன்று. "கடன் இருக்குங்க" என்று நிறுத்தாமல், "கடன்காரர் நம்பர் வந்தா கை நடுங்குதுங்க" என்கிற வரைக்கும் அவர் போனால்தான் அடுத்தவரும் அந்த ஆழத்துக்கு வருவார். நடத்துபவர் மேலோட்டமாகப் பேசிவிட்டால் அன்றைக்கு முழுக்க மேலோட்டம்தான். கடைசிச் சுற்றில் ஆளுக்கு ஒரு வாக்கியம்: என்ன எடுத்துக்கொண்டு போகிறேன். முடிந்தது. நேரத்துக்கு முடிப்பது முக்கியம். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் பாதியில் எழுந்து போகும்படி ஆகக் கூடாது.

அறிவுரையை அடக்குவது

வட்டம் நிற்பதும் விழுவதும் இந்த ஒன்றில்தான். நம் ஆண்கள் பாசம் இல்லாதவர்கள் இல்லை. ஒருவர் கஷ்டம் என்று சொன்னதும் அதைத் தீர்த்துவைக்கத் துடிப்பார்கள். "விடு மாப்ள, பாத்துக்கலாம்", "அந்த பேங்க் மேனேஜர் எனக்குத் தெரியும்", "டாக்டரை மாத்திப் பாருங்க". சொல்பவருக்கு அது அன்பு. கேட்பவருக்கோ பேச்சு அதோடு முடிந்துபோகிறது.

சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு ஒன்று சொல்கிறேன். தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்ததும், கேரளா வாடல் நோயில் மரங்கள் போனதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தோப்பில் பாதி மரத்தை வெட்டியதைப் பற்றிப் பேசினார். மரத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள், லாரிக்காரர் எவ்வளவு பிடித்துக்கொண்டார், அடிக்கட்டையைத் தோண்ட என்ன செலவு, எல்லாம் கணக்கு. துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். முடித்ததும் பக்கத்தில் இருந்தவர், "ஜாதிக்கா வெச்சுப் பாருங்கண்ணா" என்று ஆரம்பித்தார். நடத்துபவர் கையை லேசாக உயர்த்தினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெட்டும்போது நீங்க எங்கங்க இருந்தீங்க?"

"வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேனுங்க. எங்கப்பன் வெச்ச மரம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதன்பின் அவர் தன் அப்பாவின் கடைசி வருடத்தைப் பற்றிப் பேசினார். ஆஸ்பத்திரியில் கூட இருக்க முடியாமல் போனதைச் சொன்னார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஜாதிக்காய் யோசனை தப்பானதல்ல, தோப்பில் அது நன்றாகவே வரும். ஆனால் அந்த நேரத்தில் அது ஓடியிருந்தால் நாங்கள் ஊடுபயிர் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

ஆகவே கேள்வி கேட்கும் உரிமை நடத்துபவருக்கு மட்டும், அதுவும் ஒருவருக்கு ஒன்று. விவரம் கேட்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. 'எவ்வளவு', 'யாரு', 'எப்போ' எல்லாம் போலீஸ் கேள்வி. 'அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு' என்பதே போதும். யாருக்காவது உண்மையிலேயே உதவும் தகவல் தெரிந்தால், வட்டம் முடிந்தபிறகு, "ஒரு விஷயம் சொல்லட்டுங்களா?" என்று அனுமதி கேட்டுச் சொல்லலாம்.

கண்ணீர் வந்தால்

முதுகில் தட்ட வேண்டாம், தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டாம், "ஆம்பளை அழலாமா" என்று நிச்சயமாக வேண்டாம். தட்டிக்கொடுப்பதும்கூட, 'போதும் நிறுத்து' என்று சொல்வதாகவே அவருக்குப் படும். அப்படியே உட்கார்ந்திருங்கள். அவரே துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததும், "இன்னும் சொல்லணுமா, இல்ல போதுங்களா?" என்று கேளுங்கள்.

மறுநாள் நடத்துபவர் அவருக்கு ஒரு போன் போட வேண்டும். மனதில் இருப்பதைக் கொட்டினால் உடனே லேசாகிவிடும் என்பது பாதி உண்மைதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களைப் பாதித்த சம்பவத்தைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. பின்வந்த மாதங்களில், நடந்ததையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. வட்டத்திலும் அப்படித்தான், பேசிய மறுநாள் சிலருக்குப் பாரமாக இருக்கும். அது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாயால் சொல்ல வராதவர்களுக்கு இந்த எழுதும் முறையையே சொல்லலாம். ஒரு நோட்டு, 15 நிமிடம், எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

வீடு

"அங்க போய் என்ன பேசறீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். மற்றவர் கதையைச் சொல்லாமல் உங்கள் கதையைச் சொல்லுங்கள். "கடனை நெனச்சா பயமா இருக்குன்னு இன்னிக்கு சொன்னேன்" என்று மனைவியிடம் சொல்ல முடிந்தால் வட்டம் வேலை செய்கிறது என்று பொருள். வட்டத்தில் மட்டும் திறந்து, வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. ஆண்கள் மட்டும் உட்காரும் இடம் பெண்களைக் குறை சொல்லும் இடமாகச் சீக்கிரம் மாறிவிடும். மனைவி சரியில்லை, சட்டம் எல்லாம் அவர்கள் பக்கம் என்று ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் தலையாட்டுவார்கள். அங்கே நடத்துபவர், "உங்களுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று திருப்பியே தீர வேண்டும். ஒருவர் மனைவியை அடித்ததைச் சொன்னால் சமாதானம் பேசாதீர்கள், அனுதாபமும் வேண்டாம். சொல்லத் துணிந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். அடித்தது தவறு, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு கேட்கும் உரிமை உண்டு என்று நேராகச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181. இது அறிவுரை விதிக்கு விலக்கு.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

"இனி என்ன இருக்கு", "நான் இல்லாம இருந்தா அவங்களுக்கு நிம்மதி" என்று ஒருவர் பேசினாலோ, கொடுக்க வேண்டிய பாக்கியையெல்லாம் திடீரென்று தீர்த்துக் கணக்கு முடித்தாலோ, வட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதுங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆறுதல்தான் வரும்.

ஆமாம் என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு அவருக்குத் தெரிந்தே சொல்லுங்கள். பூச்சிமருந்து இருந்தால் எடுத்து வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். அவர் பக்கத்தில் இருந்தே 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல எண்; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். நாடு முழுக்க ஒரே எண் என்பதால் சிம் எந்த மாநிலத்தது என்று பார்க்க வேண்டியதில்லை. கேரளத்தின் திசா உதவி எண் 1056, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

இதைத் தாண்டி வட்டம் எதுவும் செய்யப் போக வேண்டாம். நாம் டாக்டர்கள் இல்லை. அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது வரை நம் வேலை.

இரண்டு மூன்று மாதம் ஆனபிறகு

ஆரம்பச் சூடு தணிந்து ஆள் குறையும். மழை, தண்ணீர் முறை, பண்டிகை என்று காரணம் வரும். நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதீர்கள். வராதவரிடம் "ஏன் வரலை" என்று கேட்காமல், "அடுத்த ஞாயித்துக்கிழமை இருக்கோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

நடத்தும் பொறுப்பை முறை வைத்து மாற்றுங்கள். தொடங்கியவரே நடத்திக்கொண்டிருந்தால் அது அவர் வட்டமாகிவிடும். பேசக் கூச்சப்படுகிறவர் நடத்தும்போது, விதிகளைப் படித்து, கடிகாரம் பார்த்து, ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பதால் மெல்ல மெல்லத் தைரியம் வரும். புதியவரைச் சேர்க்கும் முன் எல்லோரையும் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் சேர்க்க வேண்டாம், காரணமும் கேட்க வேண்டாம். புதியவர் வேறு ஊர் வட்டத்துக்குப் போகட்டும். ஆள் பத்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்து, பழையவர் இரண்டு பேர் வீதம் ஒவ்வொன்றிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புது வட்டத்தின் முதல் கூட்டத்துக்கும் அந்த அரை நாள் வேலையை விட்டுவிடாதீர்கள். தூர்வாராத வாய்க்கால் நம் பக்கத்தில் எப்போதும் இருக்கும்.